கோல்புரூக்டேல் இரும்புச் சாலை

இங்கிலாந்தின் தொழிற்புரட்சியைப் பற்றி வரலாற்று நூல்களில் படிக்கும் மாணவர்கள், நூற்கும் பொறி, நீராவி எந்திரம், புகைவண்டி என்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அவ்வரிசை தவறானதன்று. ஆயினும், நீராவி எந்திரத்தின் உருளை எதனால் ஆயது? புகைவண்டி ஓடும் தண்டவாளம் எதனால் ஆயது? பெரிய ஆலைகளின் கூரையைத் தாங்கி நின்ற தூண்கள் எதனால் ஆயவை? இக்கேள்விகளுக்கெல்லாம் விடை ஒன்றே, இரும்பு. அந்த இரும்பு மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பதற்கு வழி திறந்த இடம், மேற்கு இங்கிலாந்தில் ஷிராப்ஷயர் என்னும் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறு பள்ளத்தாக்கு. கோல்புரூக்டேல் என்பது அதன் பெயர். அங்கே முதன்முதலாகப் பெயர் பெற்ற பொருள் எந்திரமும் அன்று, பாலமும் அன்று. எளிய மக்களின் அடுப்பில் ஏறும் சமையற் பானை. இந்தச் செய்தியை மறந்துவிட்டு அவ்விடத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் நடுவிலிருந்து கதை சொல்பவர்களே என்பது என் கருத்து. ஆகவே பானையிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் இடத்தின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். வேல்சு நாட்டு மலைகளிற் பிறக்கும் செவர்ன் ஆறு, ஷிராப்ஷயரில் ஒரு குறுகிய பள்ளத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இருமருங்கும் செங்குத்தான சரிவுகள். ஆறு அறுத்த அந்தச் சரிவுகளில் நிலக்கரிப் படுகை, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் ஏற்ற களிமண் ஆகிய எல்லாம் வெளியே தெரிந்தன. இயற்கை தன் களஞ்சியத்தைத் திறந்து வைத்துவிட்டது போன்ற இடம் அது. வடகரையிலிருந்து ஒரு சிற்றோடை விரைந்து இறங்கி வந்து ஆற்றிற் கலக்கிறது. அவ்வோடை வரும் வழியே கோல்புரூக்டேல். ஓடையின் நீர் சக்கரங்களைச் சுழற்றும். ஆறு படகுகளைத் தாங்கி, செய்த பொருளை பிரிஸ்டல் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லும். ஒரு தொழிற்சாலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்றே ஒன்றுதான் குறை. உலைக்கு வேண்டிய விறகு அளவோடுதான் கிடைத்தது.

அக்குறை எத்துணைப் பெரியது என்பதை உணர, இரும்பு உருகும் முறையைச் சற்றே பார்க்க வேண்டும். ஊர்க் கொல்லனின் உலைக்களத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். துருத்தி காற்றை ஊத, கரி கனன்று, இரும்பு சிவந்து இளகுகிறது, உருகி ஓடுவதில்லை. தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் உயரமான ஓர் உலையில் இரும்புக்கல்லையும் கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் மேலிருந்து மாறி மாறிக் கொட்டி, அடியில் பெருந்துருத்திகளால் காற்றைச் செலுத்தினால், இரும்பு கரியிலிருந்து கரிமத்தை ஏற்றுக்கொள்கிறது. கரிமம் ஏறிய இரும்பு ஏறத்தாழ 1150 முதல் 1200 பாகைக்குள்ளேயே உருகிவிடும். சுண்ணாம்புக்கல், கல்லிலுள்ள மாசுகளைச் சேர்த்துக்கொண்டு கசடாக மேலே மிதக்கும். அடியிற் சேர்ந்த இரும்பைத் திறந்துவிட்டால் நீர்போல் ஓடி அச்சுகளை நிரப்பும். இதுவே ஊதுலை. இதில் கிடைப்பது வார்ப்பிரும்பு. இது சுமையைத் தாங்கும், சம்மட்டிக்கு உடையும். உழுபடைக்கும் ஆணிக்கும் வேண்டிய தேனிரும்பைப் பெற, வார்ப்பிரும்பை மறுபடியும் பட்டடையிற் காய்ச்சி, அடித்துக் கரிமத்தைப் போக்குதல் வேண்டும்.

இதற்கெல்லாம் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது மரக்கரி. உலை இருக்கும் இடத்தைச் சுற்றிக் காடு இருக்க வேண்டும். வெட்டிய காடு மீண்டும் தழைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மேலும் மரக்கரி மென்மையானது. அதன்மேல் கல்லின் பாரத்தை மிகுதியாக ஏற்றினால் நொறுங்கிக் காற்றின் வழியை அடைத்துவிடும். ஆகவே உலையின் உயரத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. நிலத்தடியில் நிலக்கரி குவிந்து கிடக்க, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது இரும்பிற் புகுந்தால், சூடாக இருக்கும்போதே இரும்பு பிளந்துவிடும். பதினேழாம் நூற்றாண்டில் டட் டட்லி என்பவர் தாம் நிலக்கரியால் இரும்பு உருக்கியதாகக் கூறி, 1665-ஆம் ஆண்டில் நூலே எழுதி வெளியிட்டார். ஆனால் அவர் முறை நிலைக்கவில்லை.

இந்நிலையில் வந்தவரே ஆபிரகாம் டார்பி. மூன்று தலைமுறைகளில் இதே பெயர் கொண்ட மூவர் அச்சாலையை நடத்தினர். ஆதலின் இவரை முதலாம் டார்பி என்று குறிப்போம். 1678-இல் டட்லி நகரின் அருகே பிறந்தவர். குவேக்கர் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்தவர். அக்குழுவினர் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள். ஆதலால் அக்காலச் சட்டப்படி ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகங்களின் பட்டமும், அரசாங்கப் பதவிகளும் அவர்களுக்கு எட்டாதவை. தொழிலும் வணிகமுமே அவர்களுக்குத் திறந்திருந்த வழி. ஒரு சமுதாயம் சிலரைக் கதவுக்கு வெளியே நிறுத்தும்போது, அவர்கள் வேறு கதவைக் கண்டுபிடித்துக்கொள்வதும் வரலாற்றில் உண்டு.

இளைஞர் டார்பி பர்மிங்காமில், முளைகட்டிய வாற்கோதுமையை அரைக்கும் ஆலைகள் செய்யும் ஒருவரிடம் தொழில் பயின்றார். வாற்கோதுமையை உலர்த்துவோர் நிலக்கரியை நேரே எரிப்பதில்லை. அதன் புகை தானியத்தைக் கெடுத்துவிடும். எனவே நிலக்கரியைக் காற்றுப் புகாமல் மூடிச் சுட்டு, கந்தகமும் பிற ஆவிகளும் பெரும்பாலும் நீங்கிய கற்கரியாக்கி எரிப்பார்கள். இரும்புத் தொழிலை மாற்றிய எண்ணத்தின் வித்து, மதுபானத்துக்கு உரிய ஒரு தானியக் கூடத்தில் விழுந்திருக்கக்கூடும் என்பது வியப்பன்றோ!

1699-இல் டார்பி பிரிஸ்டலுக்குச் சென்றார். 1702-இல் அங்கே பித்தளைத் தொழிலில் கூட்டாளிகளுடன் இறங்கினார். அக்காலத்தில் நல்ல சமையற் பானை என்றால் பித்தளைப் பானைதான். அதன் விலையோ ஏழைகளுக்கு எட்டாது. இரும்புப் பானைகள் இருந்தன. ஆனால் கனமானவை, தடித்தவை. அவற்றை வார்க்க ஒவ்வொரு முறையும் களிமண் குழைத்து அச்சு செய்து, உலர்த்தி, வார்த்தபின் உடைத்தெறிய வேண்டும். டார்பி 1704-இல் ஆலந்து நாட்டிற்குச் சென்று அங்குள்ள வார்ப்பு முறைகளைக் கண்டுவந்தார். பின்னர் தம்மிடம் தொழில் பயின்ற ஜான் தாமஸ் என்னும் இளைஞரோடு சேர்ந்து, களிமண் இன்றி மணலிலேயே வயிறு பருத்த இரும்புப் பானையை வார்க்கும் முறையைக் கண்டார். மாதிரிப் பானையைச் சட்டத்துக்குள் வைத்து ஈரமணலை இடித்து இறுக்கி, சட்டத்தைப் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டால், அந்த வெற்றிடமே அச்சு. மாதிரி பழுதுபடாது; மீண்டும் மீண்டும் பயன்படும். 1707-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜான் தாமஸின் பெயர் பல நூல்களில் இடம் பெறுவதில்லை. வேலையாளின் கை செய்ததற்கு முதலாளியின் பெயர் நிற்பது புதியதன்று. ஆயினும் நாமாவது அப்பெயரை ஒரு முறை சொல்லி வைப்போம்.

இம்முறைக்கு உயிர்நாடி ஒன்று உண்டு. பானை மெல்லியதாக வேண்டுமாயின் உருகிய இரும்பு நன்றாக ஓட வேண்டும். பாதி வழியில் உறைந்துவிடக் கூடாது. அத்தகைய இரும்பை மலிவாகப் பெறுவதற்கு டார்பி தாமே ஓர் ஊதுலையை நாடினார். 1708-இல் கோல்புரூக்டேலில் பாழடைந்து கிடந்த பழைய உலையைக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டார். 1709-ஆம் ஆண்டு ஜனவரியில் உலை மூட்டப்பட்டது. எரித்தது மரக்கரியன்று, கற்கரி. நிலக்கரியைச் சுட்டுக் கற்கரியாக்கக் கூலி கொடுத்த செய்தியை அக்காலக் கணக்கேடு காட்டுகிறது. பேரறிஞர் எழுதிய ஆய்வேட்டிலன்று, கணக்குப் பிள்ளையின் ஏட்டிலேயே இந்தப் பெருநிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

இதில் அறிவும் இருந்தது, நல்வாய்ப்பும் இருந்தது. அப்பகுதியில் கிடைத்த ஒருவகை நிலக்கரியில் இயல்பாகவே கந்தகம் குறைவு. கற்கரியால் எரிந்த உலையில் வெப்பம் மிகுதி. அதனால் இரும்பில் சிலிக்கன் கூடுதலாகச் சேர்ந்தது. சிலிக்கன் சேர்ந்த இரும்பு இளக்கமாக ஓடி, மெல்லிய அச்சினுள்ளும் புகுந்து நிரம்பும். பானைக்கு அதுவே தேவை. ஆனால் அதே சிலிக்கன், தேனிரும்பு செய்யும் பட்டடைக்காரருக்குத் தொல்லை. ஆதலால் அவர்கள் கற்கரி இரும்பை வாங்க விரும்பவில்லை. இதனை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1709-இல் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது, உடனே உலகம் மாறிற்று என்று பல பாடநூல்கள் எழுதிவிடுகின்றன. அவ்வாறு நிகழவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்முறை பெரும்பாலும் கோல்புரூக்டேலின் எல்லைக்குள்ளேயே இருந்தது. அந்த நாற்பது ஆண்டுகளும் அதனைக் காப்பாற்றி வைத்திருந்தவை பானைகள்தாம். பானை விற்றதால் உலை எரிந்தது. உலை எரிந்துகொண்டிருந்ததால் அனுபவம் வளர்ந்தது.

1717-இல் முதலாம் டார்பி மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட நிரம்பவில்லை. மகனோ சிறுவன். ரிச்சர்டு ஃபோர்டு என்பவரும், பிரிஸ்டல் வணிகரான தாமஸ் கோல்ட்னியும் தொழிலைத் தாங்கினர். 1720-களில் நீராவி எந்திரங்களுக்கு இரும்பு உருளைகள் இங்கே வார்க்கப்பட்டன. அதற்கு முன் உருளைகள் பித்தளையால் ஆனவை. விலையோ மிக மிக உயர்ந்தது. பானையில் நிகழ்ந்ததே எந்திரத்திலும் நிகழ்ந்தது. பித்தளையின் இடத்தை இரும்பு பற்றிக்கொண்டது.

இரண்டாம் டார்பி பொறுப்பேற்ற பிறகு நிகழ்ந்த ஒன்று என்னை மிகவும் கவர்வது. ஓடையில் கோடையில் நீர் வற்றும். நீர் வற்றினால் சக்கரம் நிற்கும்; சக்கரம் நின்றால் துருத்தி நிற்கும்; துருத்தி நின்றால் உலை அணையும். எனவே 1742-ஐ ஒட்டி ஒரு நீராவி எந்திரம் நிறுவப்பட்டது. அதன் வேலை உலையை ஊதுவதன்று. சக்கரங்களைச் சுழற்றிவிட்டுக் கீழே ஓடிவந்த அதே நீரை மீண்டும் மேல் ஏரிக்கு இறைப்பதே அதன் வேலை. ஒரே நீர் திரும்பத் திரும்ப உழைத்தது. கோல்புரூக்டேலில் பிறந்த இரும்பு எந்திரமாகி, அந்த இரும்பு பிறந்த உலையையே அணையாமற் காத்தது. 1755-இல் ஹார்ஸ்ஹே என்னும் அண்டை இடத்தில் புதிய உலைகள் எழுந்தன. பட்டடைக்காரரும் ஏற்கத்தக்க கற்கரி இரும்பை இரண்டாம் டார்பியே உண்டாக்கினார் என்பதை, அவர் மனைவி அபையா டார்பி எழுதிய ஒரு கடிதம் நமக்குச் சொல்கிறது. அக்கடிதம் இல்லையேல் இக்குடும்பத்தின் தொழில் வரலாற்றில் பெரும்பகுதி இருளிற் கிடக்கும்.

இனி அந்தக் கட்டடங்களை ஒரு சுற்றுப் பார்ப்போம். அரண்மனையையோ கோயிலையோ பார்க்கும் கண்ணோடு பார்த்தால் இங்கே ஏமாற்றமே மிஞ்சும். இங்கே சிற்பி முன்கூட்டி வரைந்த திட்டம் எதுவுமில்லை. பள்ளத்தாக்கின் சரிவும் நீரின் ஓட்டமுமே சிற்பிகள். மேலே ஏரி, அதன் கீழ் உலை, அதன் கீழ் மற்றோர் ஏரி, மற்றோர் உலை, அதற்கும் கீழே பட்டடைகள், முடிவில் ஆற்றுத்துறை. ஓர் இடத்தில் உழைத்த நீர் அடுத்த இடத்திற்கு இறங்கி உழைக்கிறது. படிக்கட்டுப்போல் இறங்கும் ஒரே அமைப்பு.

பழைய உலை செங்கல்லும் கல்லும் கொண்டு எழுப்பிய பெருங்கோபுரம். வெளியே சதுரம், உள்ளே வட்டம். மேட்டுச் சரிவை ஒட்டிக் கட்டியிருப்பதனால், பாரத்தை ஏணியேற்றாமல் மேட்டின் மேலிருந்து நேரே உலை வாயிற் கொட்டலாம். கீழே இரண்டு பக்கங்களில் அகன்ற வளைவு வாயில்கள். ஒன்றன் வழியே காற்று உள்ளே போகும். மற்றொன்றன் வழியே இரும்பு வெளியே வரும். வாயில்களின் மேலே கட்டடத்தைத் தாங்குபவை வார்ப்பிரும்பு உத்தரங்கள். மேல் உத்தரத்தில் ஆபிரகாம் டார்பியின் பெயரும் 1777 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. இவர் மூன்றாம் டார்பி. உலையைப் பெரிதாக்கிய ஆண்டு அது. கீழ் உத்தரத்தில் உள்ள ஆண்டை 1638 என்றும் 1658 என்றும் இருவகையாகப் படிக்கின்றனர். ஓர் எண்ணின் வளைவுக்குள் இருபது ஆண்டுகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன! வரலாறு படிக்க விரும்பும் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுக. கல்லிலும் இரும்பிலும் பொறித்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. நான் அவ்வுலையின் முன் நின்று அண்ணாந்து பார்த்தபோது, அதன் பருமனைவிட, வெப்பத்தால் உருகிக் கண்ணாடிபோல் இறுகிய உட்சுவரே என் மனத்தைப் பற்றியது.

உலைக்கு அருகிலேயே முதலாளிகளின் வீடுகள் உள்ளன. ரோஸ்ஹில், டேல் ஹவுஸ் என்னும் அவ்வீடுகள் சிவந்த செங்கல்லால் ஆன அடக்கமான கட்டடங்கள். புகை படாத தொலைவில் மாளிகை கட்டிக்கொள்ளும் வழக்கம் பின்னாளைய ஆலை முதலாளிகளுக்கு உரியது. டார்பிகள் தம் உலையின் புகையையே தாமும் சுவாசித்தனர். தொழிலாளருக்கு வரிசை வீடுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றன் பெயர் கெண்டி வரிசை. தேநீர் காய்ச்சும் கெண்டியை ஒட்டி எழுந்த பெயர். மேட்டின் மேல் குவேக்கர்களின் இடுகாடு. அங்குள்ள நடுகற்கள் எளியவை, சிறியவை. இரும்பால் உலகறிந்த குடும்பத்தார், தம் கல்லறைக்கு ஒரு வேலைப்பாடும் வேண்டாம் என்று விட்டனர்.

இப்பொழுது பாலத்திற்கு வருவோம். செவர்ன் ஆற்றைக் கடக்க அப்பகுதியினர் படகையே நம்பியிருந்தனர். வெள்ளக் காலத்தில் படகு ஏறுதல் உயிருக்கே ஆபத்து. 1776-இல் பாலம் கட்டப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஷ்ரூஸ்பரி நகரத்துச் சிற்பி தாமஸ் பிரிட்சர்டு இரும்பு வளைவுக்கு வரைபடம் தந்தார். ஆனால் பாலம் எழுமுன், 1777 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். பணியை ஏற்று முடித்தவர் மூன்றாம் டார்பி. அப்போது அவர் இருபதுகளின் இறுதியில் இருந்த இளைஞர்.

நூறு அடிக்குச் சற்று மிகுந்த ஒற்றை வளைவு. ஐந்து பெருவிலாக்கள், ஒவ்வொன்றும் இரு பாதிகளாக வார்க்கப்பட்டது. ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ 70 அடி நீளமும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. மொத்தம் ஏறத்தாழ 1700 உறுப்புகள். எடை 378 டன். 1779-ஆம் ஆண்டின் கோடையில் சில மாதங்களுக்குள் அவை ஆற்றின் மேல் ஏற்றி இணைக்கப்பட்டன. எவ்வாறு ஏற்றினர் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. எலியாஸ் மார்ட்டின் என்னும் சுவீடிய ஓவியர், பாலம் எழும்போதே தீட்டிய ஒரு நீர்வண்ணச் சித்திரம் 1997-இல் ஸ்டாக்ஹோமில் கண்டறியப்பட்டது. மரச்சாரம் கட்டி விலாக்களைத் தூக்கி நிறுத்தும் காட்சி அதில் இருக்கிறது. பொறியியல் ஏடுகள் சொல்லாததை ஓர் ஓவியன் சொல்லிவிட்டான்.

அப்பாலத்தின் இணைப்புகளை உற்று நோக்குவோர்க்கு ஒரு வேடிக்கை தெரியும். இரும்பை இரும்போடு இணைக்கும் முறை அன்று எவருக்கும் தெரியாது; எவரும் அதுவரை இவ்வளவு பெரியதாகச் செய்ததில்லை. எனவே தச்சர்கள் மரத்தில் செய்வதை அப்படியே இரும்பில் செய்தனர். நாக்கும் துளையும், புறாவின் வால்போல் விரிந்த பொருத்தும், இறுக்குவதற்கு ஆப்பும்! பொருள் புதியது, கை பழக்கம் பழையது. புதிய பொருளுக்கு உரிய புதிய வடிவம் தோன்றச் சில காலம் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கட்டடக் கலையில் நான் கண்டதில்லை. அறியாமையால் இரும்பை மிகுதியாகப் பயன்படுத்தினர். அந்த மிகுதியே பின்னர் நன்மையாயிற்று. 1795-இல் செவர்ன் பெருவெள்ளத்தில் அவ்வாற்றின் மேலிருந்த பாலங்கள் பல இடிந்தும் சிதைந்தும் போயின. இரும்புப் பாலம் பழுதின்றி நின்றது. நீர் மோதுவதற்கு ஆற்றின் நடுவே தூண் ஏதும் இல்லையன்றோ?

1781-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பாலம் திறக்கப்பட்டது. சுங்கச் சாவடியின் பலகையில், பணியில் உள்ள போர்வீரரும், அரச குடும்பத்தாரும்கூடச் சுங்கம் செலுத்தியே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தனர். மதிப்பிட்ட செலவு 3,200 பவுன். ஆன செலவு 6,000 பவுன் அளவு. மிகுதியை ஏற்றவர் டார்பி. அந்தக் கடன் அவரை வாழ்நாளின் இறுதிவரை விடவில்லை. 1789-இல் அவர் இறந்தபோது வயது நாற்பதுகூட நிரம்பவில்லை. உலகம் பார்க்க வந்த பாலம், அதைக் கட்டியவரின் தோள்மேலும் நின்றது.

பார்க்க வந்தவர்கள் பலர். ஓவியர் பிலிப் லூதர்பூர்க், இரவில் உலைகளின் தீ வானத்தைச் சிவக்கச் செய்யும் காட்சியை 1801-இல் தீட்டினார். அவர் வரைந்த உலைகள் ஆற்றங்கரையில் சற்றுத் தொலைவில் இருந்தவை. எனினும் ஓவியத்திற்குக் கோல்புரூக்டேல் என்றே பெயரிட்டார். அழகு என்று சிலர் வியந்த அதே காட்சியைக் கண்டு, கவிஞர் அன்னா சீவர்டு தம் பாட்டில் வருந்தினார். பசுஞ்சோலையைப் புகை கெடுத்துவிட்டதே என்பது அவர் துயரம். இருவர் கூற்றும் உண்மையே. ஆனால் இருவருமே பார்வையாளர். நாளும் இரவும் அணையாத உலையருகே முறைவைத்து நின்றவர்களும், சுரங்கத்தில் கரி வெட்டியவர்களும் ஓவியமும் தீட்டவில்லை, பாட்டும் எழுதவில்லை. உலை ஒருமுறை மூட்டப்பட்டால் பல மாதங்கள் எரியும். ஞாயிற்றுக் கிழமையையும் அது அறியாது, பண்டிகையையும் அறியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோல்புரூக்டேலின் போக்கு மாறிற்று. இரும்பு உருக்குவதில் வேறு இடங்கள் முந்திக்கொண்டன. பழைய உலை அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அணைந்தது. ஆனால் வார்ப்புத் தொழில் தழைத்தது. அடுப்பு, கணப்பு, தோட்ட இருக்கை, நீரூற்று, பெருவாயிற் கதவு என்று அலங்கார வார்ப்புகளுக்கு இச்சாலை புகழ் பெற்றது. 1851-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த பெருங்கண்காட்சிக்குச் செய்த கதவுகள் இன்றும் கென்சிங்டன் பூங்காவில் நிற்கின்றன. அவற்றைவிட எனக்கு உவப்பானது, 1838-இல் கட்டிய பெரிய பண்டசாலை. நெடிய செங்கற் கட்டடம், ஆடம்பரம் சிறிதுமில்லை. சாளரங்களின் உத்தரங்களையும் அடிப்பலகைகளையும் கூர்ந்து பார்த்தால்தான் அவை கல்லன்று, வார்ப்பிரும்பு என்பது விளங்கும். 1843-இல் அதன் உச்சியில் வைத்த மணிக்கூண்டும் வார்ப்பிரும்பே. தான் விற்கும் பொருளையே தன் உடம்பில் அணிந்து நிற்கும் கட்டடம் அது. இன்று அதுவே இரும்பு அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இவ்வளவு சிறப்புடைய பழைய உலையை அவ்வூரார் போற்றி வந்தனரோ என்றால், இல்லை. அது மண்ணும் ஆலைக் கழிவும் மூடிக் கிடந்தது. கற்கரியால் உலை மூட்டிய 250-ஆம் ஆண்டாகிய 1959-இல்தான் அதனைத் தோண்டி வெளிப்படுத்திச் சிறு காட்சிசாலை ஒன்றும் அமைத்தனர். 1967-இல் அப்பள்ளத்தாக்கின் தொழிற் சின்னங்களைக் காக்க ஓர் அறநிலையம் ஏற்பட்டது. 1982-இல் மழையும் பனியும் தாக்காதவாறு உலையின்மேல் கூரைக் கட்டடம் எழுந்தது. 1986-இல் யுனெஸ்கோ அப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாலத்திற்கு வந்த இடர் வேறு. ஆற்றின் இரு சரிவுகளும் சிறிது சிறிதாக உள்நோக்கி நகர்ந்து, கரைத்தூண்களை நெருக்கின. 1934-இல் வண்டிகள் செல்வது நிறுத்தப்பட்டது. 1970-களில் ஆற்றுப் படுகையின் அடியில் கவிழ்த்த வளைவு போன்ற கான்கிரீட் தாங்கி ஒன்றை இட்டு, தூண்கள் ஒன்றையொன்று நெருங்காதபடி தடுத்தனர். மேலே ஓர் இரும்பு வளைவு. அதற்கு நேர் கீழே, எவர் கண்ணுக்கும் தெரியாமல் நீருக்கு அடியில், தலைகீழாக மற்றொரு வளைவு.

கோல்புரூக்டேலின் வார்ப்புச் சாலை மட்டும், இவ்வளவு அருங்காட்சியகங்களுக்கும் நடுவே, பழம்பொருளாகாமல் தொழில் நடத்திக்கொண்டே இருந்தது. இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே உருகிய இரும்பு மணல் அச்சில் ஊற்றப்பட்டது. 2017-ஆம் ஆண்டு நவம்பரில் அதுவும் மூடப்பட்டது. அதன் கடைசி நாட்களில் அங்கே வார்க்கப்பட்டவை, ஆகா, ரேபர்ன் என்னும் பெயர்களில் இங்கிலாந்து வீடுகளில் வழங்கும் சமையல் அடுப்புகளின் பகுதிகள்.